தனியுரிமை என்னும் சொல்லும் தமிழில் இசைவு கேட்கும் முறையும்

கட்டுரைச் சுருக்கம்

இணையத்தில் தனிமனிதத் தகவல்களின் பாதுகாப்புப் பற்றிய விவாதங்கள் தமிழில் பெருகியுள்ளன. அவை ‘மறைப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்ற வினாவிலேயே பெரும்பாலும் தேங்கிவிடுகின்றன. இத்தேக்கத்திற்கு விவாதத்தில் வழங்கும் சொற்களும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தனியுரிமை, அந்தரங்கம் ஆகிய சொற்களின் பொருளெல்லையை ஆராய்ந்து, தகவல் செல்லும் வழியைப் பற்றிய நுண்ணிய வேறுபாடுகள் அகமரபில் உள்ளமையை இது சுட்டுகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் தமிழிலும் அறிவிப்பைக் கோருவதால், அறிவிப்புத் தமிழைத் தமிழ்த்துறைகள் ஆய்வுப் பொருளாக ஏற்க வேண்டும் என இது வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, அந்தரங்கம், இசைவு, அகமரபு, அலர், அறத்தொடு நிற்றல், அறிவிப்புத் தமிழ்

முன்னுரை

2021 சனவரி முதல் வாரத்தில் வாட்ஸ்அப் செயலி தன் பயனர்களுக்கு ஓர் அறிவிப்பை அனுப்பியது. புதிய விதிமுறைகளைப் பிப்ரவரி 8ஆம் நாளுக்குள் ஏற்காதோர் செயலியைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாது என்பது அதன் சாரம். எதிர்ப்பு வலுத்ததால் அந்நாள் மே 15க்குத் தள்ளிவைக்கப்பட்டது. சிக்னல், டெலிகிராம் ஆகிய செயலிகளுக்குப் பலர் மாறினர். தமிழிலும் விவாதம் மூண்டது. நம் செய்திகளை நிறுவனம் படிக்கப் போகிறது என்றோர் ஒருபுறம் நின்றனர். படித்தால்தான் என்ன, மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்றோர் மறுபுறம் நின்றனர்.

இவ்விரு சாராரும் உண்மையான சிக்கலைத் தொடவில்லை. 2016 ஏப்ரல் முதலே அச்செயலியின் தனிப்பட்ட செய்திகள் அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. 2021ஆம் ஆண்டு மாற்றம் அச்செய்திகளின் உள்ளடக்கத்தைப் பற்றியதன்று. தொலைபேசி எண், கருவியின் விவரம், செயலியைப் பயன்படுத்தும் முறை, வணிக நிறுவனங்களுடனான தொடர்பு முதலியன தாய் நிறுவனத்தின் பிற சேவைகளுக்குச் செல்வதைப் பற்றியது. 2016 ஆகஸ்டில் இத்தகைய மாற்றம் வந்தபோது, விளம்பர நோக்கிலான பகிர்வை மறுப்பதற்கு அப்போதைய பயனர்களுக்கு 30 நாள் வாய்ப்புத் தரப்பட்டது. 2021இல் அவ்வாய்ப்பு இல்லை. ஏற்றல் அல்லது வெளியேறல் என்ற இந்நிலையையே இந்தியப் போட்டி ஆணையம் குறையாகக் கண்டு, 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அவ்வாணை மேல்முறையீட்டுக்கும் சென்றது.

ஆணையம் கண்ட சிக்கல் மறுக்கும் வாய்ப்பின்மை. பொதுவிவாதம் கண்ட சிக்கல் கமுக்கம். இரண்டிற்கும் உள்ள இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பது மொழியாய்வு சார்ந்த வினாவாகும்.

ஒரு சொல், இரு பொருள்

இன்று இணையத் தமிழில் பரவலாக வழங்கும் சொல் ‘தனியுரிமை’. சேவைத் தளங்களின் அடியில் ‘தனியுரிமைக் கொள்கை’ என்ற இணைப்பைக் காணலாம். இதே சொல் மென்பொருள் பற்றிய தமிழ் எழுத்துகளில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. மூலநிரலை வெளியிடாமல் நிறுவனமே தன் ஆளுகையில் வைத்துக்கொள்ளும் மென்பொருளைத் ‘தனியுரிம மென்பொருள்’ என்றும் அதற்கு மாறானதைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றும் வழங்குகின்றனர். முதல் வழக்கில் தனியுரிமை தனிமனிதரைக் காக்கிறது. இரண்டாம் வழக்கில் அது நிறுவனத்தின் உடைமையைக் காக்கிறது. ஒருவரது தனியுரிமையை ஒரு தனியுரிம மென்பொருள் மீறுகிறது என்று எழுதும்போது, மீறப்படுவதும் மீறுவதும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன.

பொருட்குழப்பம் இத்துடன் நிற்கவில்லை. ‘உரிமை’ என்னும் சொல் தமிழில் உடைமைப் பொருளையும் உள்ளடக்கியது. ஆகவே தனியுரிமை என்றவுடன், ஒருவருக்குத் தனித்துச் சொந்தமான பொருள் என்ற எண்ணம் எழுகிறது. சொந்தப் பொருளை உடையவர் விற்கலாம். இலவசச் சேவைக்கு மாற்றாகக் கொடுத்தும் விடலாம். ‘இலவசமாகத் தருகிறார்கள், அதற்கு விலையாகத் தகவலைத் தருகிறோம், இதில் தவறென்ன?’ என்ற வாதம் இவ்வாறு எளிதில் நிலைபெறுகிறது. ஒருவரது தொடர்புப் பட்டியலில் பிறரது எண்களும் உள்ளன. அவற்றைக் கொடுக்கும் உரிமை அவருக்கு மட்டும் எவ்வாறு வந்தது என்ற வினா எழுவதே இல்லை.

நாளிதழ்களில் மிகுதியாக வழங்கும் மற்றொரு சொல் ‘அந்தரங்கம்’. இதன் சிக்கல் வேறு. அகத்துக்குரியது என்ற அடிப்படைப் பொருள் சுருங்கி, பேச்சு வழக்கில் பாலுறவு, உடல், குடும்பக் கமுக்கம் ஆகியவற்றை மட்டுமே அச்சொல் நினைவூட்டுகிறது. தன் மருந்துச் சீட்டையோ, நாள்தோறும் சென்று வரும் வழியையோ அந்தரங்கம் என்று கூற எவரும் தயங்குவர். அந்தரங்கம் என்று ஒன்றைக் கூறுவதே, மறைக்கத்தக்க ஏதோ உண்டு என ஒப்புவதுபோல் ஆகிவிடுகிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்ற விடையை அச்சொல்லே தூண்டிவிடுகிறது எனலாம்.

இவ்வாதம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சட்ட அறிஞர் டேனியல் சோலோவ் 2007இல் இதனையே தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். எனினும் ஒவ்வொரு மொழியிலும் இது தனக்கேற்ற சொல்வழியில் வேரூன்றுகிறது. தமிழில் அவ்வழி எது என்பதைத் தமிழாய்வாளரே கூற இயலும்.

மறைத்தலும் செல்வழியும்

தகவல் தத்துவ அறிஞர் ஹெலன் நிசன்பாம் முன்வைத்த கருத்து இங்கு நோக்கத்தக்கது. ஒரு தகவல் எச்சூழலில் தரப்பட்டதோ அச்சூழலின் நெறிக்கு ஏற்பச் செல்லுதல் தகும். அந்நெறி பிறழ்ந்து வேறு சூழலுக்குப் பாயும்போதே தீங்கு நேர்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். நோயாளர் மருத்துவரிடம் கூறுவது மறைத்தலாகாது. அதே செய்தி வேலை தருவோரிடம் சென்றால் அது தீங்காகிறது. தகவல் ஒன்றே, அது சென்ற வழி வேறு.

இவ்வேறுபாடு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. களவொழுக்கத்தை வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றலில் ஒரு முறைவைப்பு உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் அறிவிப்பர் என இலக்கணங்கள் வகுக்கின்றன. ஒவ்வொருவரும் யாரிடம், எந்த அளவில், எந்நோக்கில் கூற வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. அதே செய்தி ஊரார் வாயில் புகும்போது அம்பலாகவும் அலராகவும் மாறுகிறது. குறிப்பாக முணுமுணுக்கும் நிலை அம்பல். வெளிப்படையாகப் பேசும் நிலை அலர். இரண்டையும் வேறு சொற்களால் பிரித்துணர்ந்த மொழி இது. தோழியிடம் சென்ற செய்தி காப்பாகிறது. ஊராரிடம் சென்ற அதே செய்தி இற்செறிப்பில் முடிகிறது.

வெறியாட்டும் இவ்வகையில் எண்ணத்தக்கது. மகளின் மேனி வேறுபாட்டைத் தாய் காண்கிறாள். காரணம் அறியாது வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கிட்டு, முருகணங்கு எனத் துணிகிறான். கண்ட குறிகள் மெய். அவற்றிலிருந்து பெற்ற முடிவு பொய். ஒருவர் தேடியவை, வாங்கியவை, சென்ற இடங்கள் ஆகியவற்றைத் தொகுத்து அவரைப் பற்றிய முடிவைக் கணினி எட்டும்போதும் இத்தகைய பிழை நேரலாம். அங்குத் திருத்துவதற்குத் தோழி இருந்தாள். இங்குத் தம்மைப் பற்றி என்ன முடிவு செய்யப்பட்டது என்பதே உரியவருக்குத் தெரிவதில்லை.

பெயர் நீங்கியும் எஞ்சும் பூ

அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. பெயரை நீக்கினால் போதுமா என்ற வினாவை நெடுநல்வாடை எழுப்புகிறது. நக்கீரர் பாடிய அப்பாட்டில் தலைவனின் பெயர் இல்லை. தலைவியின் பிரிவுத் துயரே அதில் விரிகிறது. ஆயினும் பாசறைப் பகுதியில், தலையில் வேம்பு கட்டிய வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. இவ்வொரு குறிப்பால் தலைவன் பாண்டியன் எனச் சுட்டப்பட்டுவிட்டான் எனக் கொண்டு, நச்சினார்க்கினியர் அதனைப் புறப்பாட்டு என்றார். அம்முடிவை மறுத்து அதனை அகமாகவே கொள்வோரும் உளர். எவ்வாறாயினும், பெயரன்றிப் பிற குறிகளாலும் ஒருவர் சுட்டப்படலாம் என்ற தெளிவு அவ்வுரையில் உள்ளது.

2006 ஆகஸ்டில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல், ஆய்வாளர் பயன்பாட்டுக்கென ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தது. சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியைத் தேடற்சொற்களைக் கொண்டே கண்டறிந்தனர். பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். ‘உங்கள் பெயர் வெளியிடப்படாது’ என்ற உறுதிமொழியைக் காணுந்தோறும், எஞ்சியிருக்கும் வேம்பு எது என்று வினவுதல் வேண்டும்.

சட்டம் கேட்கும் தமிழ்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் இவ்வுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. ஆறாண்டுகளுக்குப் பின், 2023 ஆகஸ்டில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஏற்பைப் பெற்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பு, இசைவு ஆகியன பற்றிய கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும்.

இச்சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகள் தமிழாய்வாளர் கருதத்தக்கவை. தரவைப் பெறுவோர் தரும் அறிவிப்பையும் இசைவு வேண்டும் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட வேண்டும். கோரிக்கை தெளிவான எளிய மொழியில் அமைய வேண்டும். இசைவு தன்விருப்பமாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்குரியதாகவும், அறிந்து தந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும். பூசல் எழுமாயின், முறையான அறிவிப்புத் தந்து இசைவு பெற்றதை மெய்ப்பிக்கும் பொறுப்பு தரவைப் பெற்றவருக்கே உரியது. சட்டமீறலுக்கான தண்டம் 250 கோடி ரூபாய் வரை உயரக்கூடும்.

வங்கி, மருத்துவமனை, கல்லூரி, கடை எனப் பலவும் இனித் தமிழில் அறிவிப்பு எழுத வேண்டிவரும். தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் தந்த இசைவு செல்லுமா என்பது அவ்வறிவிப்பின் தமிழைப் பொறுத்தது. ஆயினும் மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்கும் முறை எதையும் சட்டம் வகுக்கவில்லை. ஆங்கிலத்தில் உருவான வாசகத்தை இயந்திரம் பெயர்த்துத் தர, எவரும் படித்துப் பாராமல் அதனை வெளியிடும் நிலை வருமாயின், சட்டம் அளித்த மொழியுரிமை பெயரளவினதாகிவிடும்.

அறிவிப்பின் தொடரமைப்பு

இத்தகைய அறிவிப்புகளில் காணும் பொதுவான தொடரமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த உங்கள் தரவு எங்கள் கூட்டாளர்களுடன் பகிரப்படலாம்.’

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை; பொருளோ எங்கும் தெளிவாக இல்லை. ‘பகிரப்படலாம்’ என்பது செயப்பாட்டு வினை. பகிர்பவர் யார் என்பதை அது மறைத்துவிடுகிறது. ‘-லாம்’ ஈறு வாய்ப்பையும் குறிக்கும், இசைவளித்தலையும் குறிக்கும். தரவு ஒருவேளை செல்லக்கூடுமா, செல்வதற்குப் படிப்பவர் இப்போது இடம் தருகிறாரா என்பது புலப்படவில்லை. ‘பகிர்தல்’ தமிழில் பகுத்துண்ணும் பண்போடு ஒட்டிய நற்சொல். விலைக்குக் கொடுத்தலை அச்சொல் மென்மையாக்கிவிடுகிறது. ‘கூட்டாளர்’ என்பது பொருள் வாங்குவோரை உறவினர்போல் காட்டுகிறது. ‘தரவு’ எது என்பது கூறப்படவே இல்லை.

இதே செய்தியை வேறு வகையிலும் எழுதலாம்: ‘நீங்கள் எந்தக் கடைகளுடன் எப்போது தொடர்புகொள்கிறீர்கள் என்ற குறிப்பை விளம்பர நிறுவனங்களுக்கு நாங்கள் கொடுப்போம். வேண்டாம் என்றால் இங்கே மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் இச்சேவை உங்களுக்குக் கிடைக்கும்.’ இங்கு எழுவாய் உண்டு, கொடுக்கும் பொருள் உண்டு, கொள்வோர் உண்டு, மறுக்கும் வழியும் உண்டு. முன்னைய தொடரைவிட இது நீண்டது. ஆயினும் பத்தாம் வகுப்பு படித்த எவரும் இதனைப் படித்து முடிவு செய்ய இயலும்.

இறுதியில் அழுத்த வேண்டிய பொத்தானின் சொல்லும் கருதத்தக்கது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பது குற்றத்தை ஏற்றலுக்கும் வழங்கும் தொடர். ‘ஒப்புதல்’ மேலதிகாரி கீழோருக்கு அளிப்பதாகவே ஆட்சித் தமிழில் பெரிதும் பயில்கிறது. ‘இசைவு’ என்பது இருவரிடையே விருப்பத்தால் அமையும் பொருத்தத்தைச் சுட்டுகிறது. ‘இசைகிறேன்’, ‘இசையவில்லை’ என்ற இரண்டும் ஒரே அளவில் அருகருகே நிற்குமாயின், தேர்வு என்ற எண்ணம் சொல்லிலேயே அமைந்துவிடும்.

எழத்தக்க மறுப்புகள்

பழைய இலக்கியத்தில் இக்காலக் கருத்தை ஏற்றிக் காண்பது முறையன்று என்ற மறுப்பு எழலாம். அது ஏற்கத்தக்க எச்சரிக்கையே. அகமரபு தனிமனித உரிமையைப் பேசியதன்று. தலைவியின் ஒழுக்கத்தைத் தாயும் ஊரும் கண்காணித்ததையும், அலரின் சுமை பெண்மீதே மிகுதியாக விழுந்ததையும் அதே இலக்கியம் காட்டுகிறது. இன்றும் ஒரு பெண்ணின் அலைபேசியை வீட்டார் சோதிப்பதை எவரும் அத்துமீறல் என எண்ணாத குடும்பங்கள் பல. ஆகவே அகமரபைச் சட்டத்தின் முன்னோடியாகக் கொள்ளுதல் தகாது. தகவல் செல்வழியின் வேறுபாடுகளைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே அமைந்துள்ள கருவிகளாக அலர், அம்பல், அறத்தொடு நிற்றல் முதலியவற்றைக் கொள்வதே போதுமானது.

மக்கள் ‘பிரைவசி’ என்றே பேசுகின்றனர், புதுச்சொல் எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. இதிலும் நியாயம் உண்டு. 1916இல் தொடங்கிய சேலம் தமிழ் அறிவியல் சொற்கழகம் முதல் இன்றுவரை கலைச்சொல்லாக்கத்தில் தமிழறிஞர் பேருழைப்பு நல்கியுள்ளனர். ஆனால் அவ்வுழைப்புப் பெரும்பாலும் தனிச்சொல்லோடு நின்றுவிட்டது. அச்சொல் தொடரில் எவ்வாறு இயங்கும் என்பதை அது குறைவாகவே கருதியது. பொருள் தெளிந்த தொடரில் பிரைவசி என்ற சொல் நிற்பதால் தீங்கில்லை. பொருள் மறைக்கும் தொடரில் தூய தமிழ்ச்சொல் நிற்பதால் நன்மையும் இல்லை. நிலைபெற்றுவிட்ட தனியுரிமை என்ற சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. அதனைத் தனிமனிதருக்கு மட்டும் உரியதாக்கி, நிறுவன ஆளுகையில் உள்ள மென்பொருளைத் ‘தனியுடைமை மென்பொருள்’ என வழங்கினால் குழப்பம் பெரிதும் நீங்கும். இவ்வழக்கும் தமிழில் ஏற்கெனவே உள்ளதே.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, தமிழில் வெளியாகும் தனியுரிமை அறிவிப்புகளைத் தொகுத்தல் வேண்டும். முதுகலைத் திட்டக்கட்டுரைக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் அவை உரிய தரவாகும். செயப்பாட்டு வினையின் மிகுதி, எழுவாய் மறைவு, ‘-லாம்’ ஈற்றின் பயன்பாடு ஆகியவற்றை அத்தொகுப்பில் கணக்கிட்டுக் காட்ட இயலும். இரண்டாவதாக, அவற்றைப் பொதுமக்களிடம் படிக்கக் கொடுத்து, என்ன விளங்கியது எனக் கேட்டறிதல் வேண்டும். எளிய தமிழ் எது என்பதைப் படிப்போரே முடிவு செய்யட்டும். மூன்றாவதாக, சட்டத்துறை, கணினித்துறை ஆகியவற்றோடு இணைந்து மாதிரி அறிவிப்புகளை எழுதி, எவரும் எடுத்தாளும் வகையில் வெளியிடுதல் வேண்டும்.

இப்பணியை ஏற்கத் தமிழ்த்துறைகள் தயங்குமாயின், அறிவிப்புத் தமிழின் இலக்கணத்தை நிறுவனங்களின் மொழிபெயர்ப்பு மென்பொருளே வகுத்துவிடும். ஒருமுறை நிலைபெற்ற வாசகங்களைப் பின்னர் மாற்றுதல் எளிதன்று. ஆட்சிமொழியின் வரலாறு இதற்குச் சான்று.

முடிவுரை

தனியுரிமை பற்றிய தமிழ் விவாதம் மறைத்தல் என்ற எண்ணத்தில் சிக்கியுள்ளது. தகவல் யாரிடமிருந்து யாரிடம், எந்நோக்கில், யாருடைய இசைவோடு செல்கிறது என்ற வினாவுக்கு அது நகர வேண்டும். அவ்வினாவைக் கேட்பதற்குரிய சொல்வளம் தமிழில் உண்டு. அதனைத் தொடராக்கித் தரும் பயிற்சி தமிழ் கற்றோரிடம் உண்டு. கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு முன்னுள்ள காலம் குறுகியது. கைப்பேசித் திரையில் ஒரு முதியவர் படித்துப் பார்த்து ‘இசையவில்லை’ என்று அழுத்தக்கூடிய ஒரு தமிழ்த் தொடரை அதற்குள் எழுதித் தருவது, தமிழ்த்துறைகளால் இயலும் செயலேயாகும்.